தண்ணீர் போகும் வழியில் இலங்கை: யாழ்ப்பாணம் முதல் கொழும்பு வரை பத்து நாள்

முதல் நாள்: யாழ்ப்பாணம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. வழுக்கியாறு என்று ஒன்று உண்டு. மாரியில் சில கிழமை ஓடிவிட்டு அடங்கிவிடும். மழையும் ஆண்டுக்கு 1,200, 1,300 மில்லிமீற்றர்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். இருந்தும் வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் விளைகின்றன. அத்தனைக்கும் கிணற்றுத் தண்ணீர்தான். இலங்கையின் நிலத்தையும் நகரங்களையும் விளங்கிக்கொள்ள இங்கிருந்து தொடங்குவது நல்லது. எந்த ஊருக்குப் போனாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தங்குகிறது, எப்படி வெளியேறுகிறது? ஊர் ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கான பதில் பெரும்பாலும் இவற்றில் கிடைத்துவிடும்.

குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளாலும் பொந்துகளாலும் இறங்கி, கீழேயுள்ள கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி குறைவு என்பதால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. கணக்கு இதுதான்: நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். இதைத் திருப்பி வாசித்தால் ஆபத்து தெரியும். பம்பு போட்டு நீர்மட்டத்தை அரை மீற்றர் இறக்கினால், அடியிலிருந்து உப்புநீர் 20 மீற்றர் மேலேற இடம் கிடைக்கிறது. துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு இடைவெளி இருந்தது. குதிரைவலுப் பம்பு அந்த இடைவெளியைக் கொடுப்பதில்லை. உவராகிப்போன கிணறுகளில் பலவற்றின் கதை இதுதான். குறைவாக, பல தடவையாக இறைப்பதும், ஊர்க்குளங்களையும் கேணிகளையும் தூர்வாரி மாரிநீரை நிலத்துக்குள் இறக்குவதும்தான் மருந்து.

இரண்டு இடங்களை அவசியம் பாருங்கள். புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீர். ஆழம் போகப் போக உவர்ப்பு ஏறும். கீரிமலையில், கடலுக்குச் சில அடி தள்ளி நன்னீர்க் கேணி. உள்நிலத்தில் விழுந்த மழை சுண்ணக்கல் வழியாக நடந்து கரையில் வெளிப்படும் இடம் அது. காலையில் கூட்டம் குறைவு.

சுண்ணக்கல்லுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு: வடிகட்டாது. மணலில் மெல்ல இறங்கும் அழுக்கு, பொந்துள்ள கல்லில் விரைந்து போய்விடும். மலகூடக் குழியும் கிணறும் ஒரே காணிக்குள் நெருங்கி இருக்கும் நகரப்பகுதிகளில் கிருமியும், தோட்டப்பகுதிகளில் உரத்திலிருந்து வரும் நைத்திரேற்றும் இப்படித்தான் கிணற்றுக்குள் சேர்கின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. கைக்குழந்தையோடு பயணிப்பவர்கள் பால்மா கரைக்கப் போத்தல் தண்ணீரே பயன்படுத்த வேண்டும்.

பயணத்துக்கு மாசி மாதம் பொருத்தம். வடகீழ்ப் பருவக்காற்று மழை ஓய்ந்து குளங்கள் நிரம்பி நிற்கும். தென்மேல் பருவக்காற்று தொடங்க மே மாதம் ஆகும். மலைநாட்டிலும் வானம் வெளுத்திருக்கும்.

இரண்டாம் நாள்: ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா

காலை பஸ்ஸில் ஏ9 வீதி. ஆனையிறவில் வீதியும் ரயில்பாதையும் பக்கம் பக்கமாக ஒரு ஒடுங்கிய நிலத்தைக் கடக்கின்றன. இருபுறமும் ஆழமில்லாத நீரேரி. கோடையில் நீர் வற்றி உப்புச் செறிவு கடலையும் மிஞ்சும். உப்பளம் இங்கே அமைந்ததற்குக் காரணம் அதுதான்.

இந்த நீரேரியை நன்னீராக்கும் திட்டம் 1950களில் பொறியியலாளர் எஸ். ஆறுமுகத்தால் வகுக்கப்பட்டது. கனகராயன் ஆறு கொண்டுவரும் வெள்ளத்தைக் கடலுக்கு விடாமல் ஆனையிறவு நீரேரியில் மறிப்பது, அதை முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்குத் திருப்புவது, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவு போட்டுக் கடல்நீரைத் தடுப்பது. கடலோடு கலந்து வீணாகும் நீரை நிலத்தடி நீரின் மேலே நிறுத்தி, கிணறுகளுக்கு ஊட்டம் கொடுப்பதே நோக்கம். குடாநாட்டின் அமைப்பை இவ்வளவு நுணுக்கமாக வாசித்த திட்டம் வேறில்லை. பகுதி பகுதியாக வேலை நடந்தது, முழுமையாக நிறைவேறவில்லை. இரணைமடுக் குளத்திலிருந்து குழாய்வழி நீர் எடுக்கும் யோசனைக்குக் கிளிநொச்சி விவசாயிகள் உடன்படவில்லை. அவர்களுடைய சிறுபோகம், அதாவது கோடைகால நெல், அந்தக் குளத்தை நம்பியது, அச்சம் நியாயமானது. இன்று வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலை நிற்கிறது.

கிளிநொச்சியில் ஓர் உண்மையைக் கவனியுங்கள். மாவட்டத் தலைநகரம், நீண்ட கடைத்தெரு, வங்கிகள், வைத்தியசாலை எல்லாம் உண்டு. ஆனால் குடிசன மதிப்பீட்டுக் கணக்கில் இது நகரம் அல்ல, கரைச்சி பிரதேச சபையின் ஒரு பகுதி. இலங்கையில் மாநகரசபையும் நகரசபையும் ஆளும் இடம் மட்டுமே நகரம். முன்பு பட்டினசபை இருந்த சிறுநகரங்களும் நகரக் கணக்கில் சேர்ந்தன. 1987இன் சட்டத்தால் வந்த பிரதேச சபைகளுக்குள் அவை கரைந்தபோது ஒரே நாளில் கிராமமாகின. 2012 கணக்கெடுப்பில் நகர மக்கள் 18.2 வீதம் என்று வந்ததை வைத்து, இது வயலும் காடுமான நாடு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சபையின் பெயர்ப்பலகையை நம்பாமல் கடை வரிசையை எண்ணுங்கள். சுன்னாகத்துக்கும் இதே நிலைதான்.

வன்னிக்குள் இறங்க இறங்கச் சுண்ணக்கல் பின்தங்கிவிடும். வவுனியாவில் காலடியில் இருப்பது பளிங்குருப் பாறை. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலத்துக்கு அதுவே அத்திவாரம், 50 கோடி ஆண்டுக்கு மேல் பழையது. அந்தக் கல்லுக்குள் நீர் தேங்காது. மேலே சிதைந்த மண்படையிலும் வெடிப்புகளிலும் கிடைப்பதோடு சரி. ஆகவே கிணற்று நாடு இங்கே முடிந்து குளத்து நாடு தொடங்குகிறது. வவுனியாவைச் சுற்றிய ஊர்ப்பெயர்களைப் பாருங்கள்: வைரவபுளியங்குளம், பண்டாரிக்குளம், தாண்டிக்குளம்.

மூன்றாம் நாள்: அநுராதபுரம், கலாவெவ

அநுராதபுரத்தை விகாரைகளுக்காகப் பார்ப்பவர்களே அதிகம். நகரத்தைத் தாங்கியவை மூன்று குளங்கள்: பசவக்குளம், திசாவெவ, நுவரவெவ. பக்கத்தில் ஓடும் மல்வத்து ஓயா, மன்னார்ப் பக்கம் போய் அருவியாறு என்று பெயர் மாறும். மழை பெய்தால் பெருகி, கோடையில் மெலியும் ஆறு அது. அதை மட்டும் நம்பி ஒரு தலைநகரம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்றிருக்க முடியாது.

உலர்வலயக் குளங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் விளங்காது. ஒரு சிற்றோடைப் பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழாகச் சங்கிலியாகக் குளங்கள் கிடக்கும். மேற்குளத்து வயலின் கழிவுநீர் கீழ்க்குளத்தை நிரப்பும். ஒரே தண்ணீர் நான்கு, ஐந்து தடவை வயலில் பாய்ந்துவிட்டுத்தான் ஆற்றுக்குப் போகும். சிங்களத்தில் இதற்கு எல்லங்காவ என்று பெயர். 2017இல் ஐ.நா. உணவு விவசாய அமைப்பு இதை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றது.

ஒரு கிராமக் குளத்தைச் சுற்றி நடக்க ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். காலை 7 மணிக்கு முன் தொடங்கினால் வெயில் தப்பலாம். மேல்முனையில், வெள்ளம் நுழையும் இடத்தில், புல்வெளி: பெரஹன. அது வண்டலை வடிகட்டும். அதையொட்டி, நீரில் கால் வைத்து நிற்கும் மரவரிசை: கஸ்கொம்மன. காற்றின் வேகத்தைத் தணித்து ஆவியாதலைக் குறைக்கும். பிறகு அணைக்கட்டு. அதன் உள்முகத்தில் பதித்த கற்கள், ரலபனாவ, அலை அரிப்பதைத் தடுக்கும். அணைக்கட்டுக்குக் கீழே, வயலுக்கு முன்னால், ஒரு துண்டு காடு விட்டிருப்பார்கள்: கட்டகடுவ. கசியும் நீரிலுள்ள உப்பை அந்த மரங்கள் இழுத்துக்கொள்ளும், வயல் உவராகாது. சும்மா கிடக்கும் நிலம் என்று நினைத்துப் பலர் அதை வெட்டி வயலாக்கினார்கள். சில போகத்தில் அதற்கு அடுத்த வயல் வெளுத்து உவர் பூக்கத் தொடங்கும். பெரஹனவை உழுதால் குளம் தூர்ந்துவிடும். தூர்ந்த குளத்தை இயந்திரம் விட்டு ஆழமாக்கினாலும் தொல்லைதான். துருசின், அதாவது வயலுக்கு நீர் விடும் மதகின், மட்டத்துக்குக் கீழே தேங்கும் நீர் வயலுக்குப் பாயாது.

பெருங்குளங்களில் பார்க்க வேண்டியது பிசோகொட்டுவ. அணைக்கட்டின் உட்பக்கம் கல்லால் கட்டிய சதுரக் கிணறு. குளத்தின் அழுத்தத்தோடு பாயும் நீர் நேராகத் துருசுக்குள் போனால் சுரங்கம் அரித்து அணை உடையும். இந்தக் கிணற்றில் நீர் முதலில் மோதி, வேகம் இழந்து, அளவாக வெளியே போகும்.

கெக்கிராவையில் இறங்கினால் கலாவெவ கிட்ட. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டியது. இங்கிருந்து அநுராதபுரத்துத் திசாவெவ வரை 87 கிலோமீற்றர் ஓடுகிறது ஜயகங்கை என்னும் யோத எல. சரிவு கிலோமீற்றருக்கு 10 முதல் 20 சென்ரிமீற்றர் மட்டுமே. இன்றைய கருவி கொண்டு இந்தச் சரிவில் வாய்க்கால் வெட்டுவதே சிரமம். வாய்க்காலுக்குப் பள்ளப் பக்கம் மட்டுமே கரை, மேட்டுப்பக்கம் திறந்தே இருக்கும். அந்தப் பக்கம் பெய்யும் மழையும் உள்ளே வந்து சேரட்டும் என்று அப்படி விட்டார்கள். வழியிலுள்ள சிறுகுளங்களுக்கும் நீர் பிரியும். வெட்டிய வாய்க்கால் இது என்று சொன்னால்தான் தெரியும், பார்வைக்கு ஆறு.

இந்த மாவட்டத்துக் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் கடினமானது, புளோரைட்டும் கூட. ஊர் ஊராகச் சுத்திகரித்த தண்ணீர் விற்கும் நிலையங்கள் இருப்பது அதனால்தான். போத்தலை அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம்.

நான்காம் நாள்: திருகோணமலை

ஹபரணைச் சந்தியில் ஏ6 வீதி பிடித்து, கந்தளாய்க் குளத்தைக் கடந்து, மதியத்துக்குள் திருகோணமலை. நகரம் ஒரு கழுத்து நிலத்தில் இருக்கிறது. கிழக்கே திறந்த கடல், மேற்கே மலைகளால் மறைந்த உட்துறைமுகம். கோணேசர் கோயில் நிற்கும் பாறையின் உச்சிக்கு மாலை 4 மணிக்குப் போனால் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கலாம். கீழே இராவணன் வெட்டு, செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும் பிளவு. அந்தச் சரிவு கடலுக்கடியிலும் தொடர்கிறது. கொட்டியாரக் குடாவிலிருந்து ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகிலேயே தொடங்கி ஆழ்கடலுக்குப் போகிறது. பெருங்கப்பல்கள் கரையோரம் வரை வரவும், நீலத்திமிங்கிலம் கரைக்குக் கிட்டத் தெரியவும் இதுதான் காரணம். திமிங்கிலம் பார்க்க மாசி ஏற்ற காலமில்லை. கிழக்குக் கடல் சித்திரை தொடக்கம் புரட்டாதி வரைதான் அடங்கிக் கிடக்கும்.

உலகின் மிகச்சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று இருந்தும் திருகோணமலை ஏன் பெருநகரமாகவில்லை? துறைமுகத்துக்குப் பின்னால் நிலம் வேண்டும். இங்கே பின்னால் இருப்பது காடும், குளத்தை நம்பிய வயலும். தேயிலையும் இறப்பரும் தென்னையும் விளைந்தது மழை பெய்யும் தென்மேற்கில். அவற்றுக்குக் கிட்ட இயற்கைத் துறைமுகம் இல்லை, ஆகவே கொழும்பில் செயற்கையாக ஒன்றைக் கட்டினார்கள். திருகோணமலைக்குக் கடற்படைதான் வந்தது. 1930களில் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் இன்னும் காட்டுக்குள் நிற்கின்றன.

ஐந்தாம் நாள்: கிண்ணியா வழியாக மட்டக்களப்பு

ஏ15 கரையோர வீதி. முன்பு இந்த வழியில் பாதைப்படகுகள் மாறி மாறி ஏற வேண்டும். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர், திறந்தபோது நாட்டின் மிக நீளமான வீதிப்பாலம். மூதூர்ப் பக்கம் மகாவலி கடலைச் சேர்கிறது. அதன் ஒரு கிளை வெருகலாறாகத் தெற்கே பிரிகிறது. 335 கிலோமீற்றர் நடந்துவந்த ஆறு இது. இதன் தலைப்பக்கத்தை எட்டாம் நாளில் பார்ப்போம்.

வாழைச்சேனை தாண்டியதும் நிலம் வேறுவிதம். கடல், அதற்கு இணையாக ஒரு ஒடுங்கிய மணல்திடல், அதன் பின்னால் 50 கிலோமீற்றருக்கு மேல் நீளும் வாவி, அதற்கப்பால் வயல்வெளி. மட்டக்களப்பார் இதை இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். சூரியன் எழும் பக்கத்து மணல்திடல் எழுவான்கரை, படும் பக்கத்து வயல்நிலம் படுவான்கரை. எழுவான்கரையில் மணலுக்குள் மெல்லிய நன்னீர்ப்படை உண்டு, மீனும் உண்டு. எனவே சனம் அங்கே குவிந்தது. காத்தான்குடியும் கல்முனையும் வீட்டுக்கு வீடு சுவர் தொடும் நெருக்கம். நெல் படுவான்கரையில். காலையில் தோணியிலும் பாலத்திலும் வயலுக்குப் போய் மாலையில் திரும்புவது இந்த மண்ணின் வழக்கமான ஓட்டம். பழைய நகரம் வாவிக்குள் இருக்கும் புளியந்தீவில். அதைக் கடற்கரைப் பக்கத்தோடு இணைப்பது கல்லடிப் பாலம். பழைய இரும்புப்பாலத்துக்குப் பக்கத்தில் புதியது 2013இல் வந்தது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கல்முனை, மருதமுனைப் பகுதிகள் அவ்வளவு அழிந்ததற்கு இந்த அமைப்பே காரணம். முன்னால் கடல், பின்னால் நீர், உயரமான இடம் எதுவுமில்லை. கரையோர விடுதியில் தங்குபவர்கள் வாவியைக் கடக்கும் பாலம் எந்தப் பக்கம் என்பதை வந்தவுடனேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாவியின் முகத்துவாரம் மாரிக்கு முன் மணல் மூடிக் கிடக்கும். எப்போது வெட்டிவிடுவது என்பது ஒவ்வோர் ஆண்டும் வரும் தலையிடி. பிந்தினால் படுவான்கரை வயல் வெள்ளத்தில் நிற்கும். முந்தினால் வாவி நீர் வடிந்து, கடல்நீர் ஏறி, இறாலும் மீனும் குலைந்துபோகும். விவசாயி ஒன்று சொல்வார், மீனவர் வேறொன்று சொல்வார், கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கூடித் தீர்மானிப்பார்கள். இரண்டு பக்கத்திலும் உண்மை இருக்கிறது.

மாசியில் அறுவடை நடக்கும். ஆனி, ஆடியில் வந்தால் கச்சான்காற்று: மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமில்லாமல், அனலாக இறங்கும் அதே தென்மேல் பருவக்காற்று.

ஆறாம் நாள்: பதினெட்டு வளைவு, கண்டி

மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை. அதற்குப் பிறகு பதினெட்டு வளைவு. நிலம் இலங்கையில் மூன்று படியாக உயர்கிறது. கீழ்ச்சமவெளியிலிருந்து நடுப்படிக்கு ஏறும் இடம் இது. வாந்தி வருபவர்கள் முன் இருக்கையில் அமருங்கள். காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் திறந்துவிடும்.

கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில். மகாவலி மூன்று பக்கம் சுற்றி வளைக்க, மலை மறைக்க, ஒற்றை அரசு அந்நியரை இரண்டு நூற்றாண்டுக்கு மேல் சமாளித்த இடம். பேராதனைத் தாவரவியல் தோட்டம் அந்த ஆற்றின் ஒரே வளைவுக்குள் அடங்கியிருப்பதைப் பார்த்தால் சுற்றிவளைப்பு என்ன என்று விளங்கும். வாவி வயலாக இருந்த பள்ளத்தை மறித்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டியது.

காவலாக இருந்த மலையே இன்று நகரத்தை நெரிக்கிறது. கிண்ணத்துக்குள் வீதி அகலமாக வழியில்லை, வாகனப் புகை மேலெழும்பாமல் தங்கிவிடுகிறது. பாடசாலை விடும் வேளையில், மதியம் 1 மணிக்கும் 2.30க்கும் இடையில், நகரத்துக்குள் வாகனத்தில் நுழையாதீர்கள், நடந்தால் விரைவு.

பொல்கொல்லை நகரிலிருந்து சில கிலோமீற்றர்தான். 1976இல் அமைந்த இந்த அணையில் மகாவலியின் ஒரு பகுதி மறிக்கப்பட்டு, 8 கிலோமீற்றர் சுரங்கத்தால் உக்குவளைக்குப் போய், மின்சாரம் தந்து, போவத்தன்னை வழியாகக் கலாவெவக்குப் போகிறது. மூன்றாம் நாள் பார்த்த குளத்தில் கண்டியின் தண்ணீர் நிற்கிறது. தாதுசேனனின் வாய்க்காலில் இன்று மலைநாட்டு நீரும் ஓடுகிறது. மீதி ஆறு கீழே விக்டோரியா அணைக்கு. 122 மீற்றர் உயர வளைவு அணை, 1985இல் முடிந்தது.

ஏழாம் நாள்: மலைநாட்டு ரயில்

பேராதனையில் ஏறி ஹப்புத்தளை. இந்தப் பாதையின் உச்சச் சரிவு 44க்கு 1, வளைவுகளின் ஆரம் ஏறத்தாழ 100 மீற்றர் வரை குறுகும், அகலப்பாதையாக இருந்தும். வண்டி மெல்லத்தான் போகும். தாமதத்தைக் கணக்கில் வைத்து அன்றைக்கு வேறு வேலை வைக்காதீர்கள். மாரியில் மண்சரிவு விழுந்தால் பாதை நாட்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் மூடப்படும். எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று முதல்நாள் கேட்டுக்கொள்ளுங்கள்.

வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றருக்கு மேல். தென்மேல் காற்று முதலில் முட்டும் சரிவு அது. அட்டன், தலவாக்கலை: மேட்டின் முகட்டில் வீதியோடு நீளும் ஒற்றைத் தெரு பஜார், இருபுறமும் கீழே சரியும் தேயிலை, அதற்குள் லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகள். 1,200 மீற்றருக்கு மேல் விளைவதுதான் உயர்நாட்டுத் தேயிலை. குடிசன மதிப்பீடு தோட்டத்தை நகரமாகவும் கிராமமாகவும் எண்ணாமல் தனித்துறையாகவே எண்ணுகிறது. பஜார் நகரசபைக்குள் வரும், கூப்பிடு தூரத்து லயம் வராது. வீதி, குடிநீர், காணி உறுதி என எல்லாவற்றிலும் அந்தப் பிரிப்பின் தழும்பு இருக்கிறது. இருநூறு ஆண்டாக உழைத்த சனத்துக்கு இது பெரிய அநீதி.

பட்டிப்பொலை கடந்து 1,898 மீற்றரில் பாதையின் உச்சி. அதை ஒட்டிய சுரங்கத்துக்குள் நுழைவது மத்திய மாகாணத்தில், வெளிவருவது ஊவாவில். ஒரு பக்கம் பனிமூட்டமும் தூறலும், மறுபக்கம் வெயில் என்பது ஆடி மாதத்தில் நாளாந்தம் நடக்கும். இதல்கஸ்ஹின்னையில் பாதை ஒரு முகட்டின் மேல் ஓடும். இரண்டு பக்கமும் பள்ளம். அங்கே கதவுப்படியில் தொங்கிப் படம் எடுக்கப்போய் உயிர்விட்டவர்கள் இருக்கிறார்கள். சுரங்கச் சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் ஆள் நிற்க இடமில்லை.

எட்டாம் நாள்: ஹோட்டன் சமவெளி, ஹப்புத்தளைச் சரிவு

காலை 6 மணிக்கு வாசல் திறக்கும்போது அங்கே இருக்க வேண்டும். 9.30க்குப் பிறகு பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறிவிடும், உலகமுடிவு என்னும் செங்குத்து விளிம்பு வெள்ளைச் சுவராகிவிடும். சுற்றுப்பாதை 9 கிலோமீற்றருக்குச் சற்று மேல், மூன்று மணித்தியாலம். பொலித்தீன் உறைகளை வாசலில் பிரித்து எடுத்துவிடுவார்கள், சாப்பாட்டைத் தாளில் சுற்றுங்கள். 2,100 மீற்றர் உயரம், விடியலில் நல்ல குளிர்.

மேற்படியின் விளிம்பு இதுதான். 850 மீற்றருக்கு மேல் ஒரே விழுக்காடு. ஆனால் பார்வையைக் காலடிக்கும் திருப்புங்கள். ஈரமான கறுப்பு மண்ணும் புல்லும் பஞ்சு போல மழையையும் மூட்டத்தையும் பிடித்து வைத்து மெல்ல விடுகின்றன. மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் இங்கிருந்து நீர் போகிறது. பாதையை விட்டு புல்லில் இறங்கி நடந்தால் மண் இறுகி அந்தக் குணம் கெடும்.

மதியம் ஹப்புத்தளை. தெற்குச் சரிவில், கொஸ்லாந்தைப் பக்கம், மீரியபெத்தை. 2014 ஒக்ரோபர் 29 காலை மலை இறங்கி லயங்களை மூடியது. குத்துச்சரிவின் அடியில் காலங்காலமாக உருண்டு சேர்ந்த தளர்ந்த மண்ணும் கல்லும், அதன்மேல் குடியிருப்பு, தொடர்மழையில் நீர் உள்ளே இறங்க, மண் தன் பிடியை இழந்தது. ஆபத்தான இடம் என்று முன்பே தெரிந்திருந்தது. மாறிப்போகக் காணியும் வீடும் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

மலைநாட்டில் தங்கும் எவரும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், கதவு திடீரென இறுகுவது, ஊற்று கலங்குவது அல்லது நின்றுபோவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அறிவிப்புக்குக் காத்திராமல் சரிவுக்குப் பக்கவாட்டில் விலகிவிட வேண்டும். கீழ்நோக்கி ஓடுவது மண் வரும் வழியிலேயே ஓடுவது.

ஒன்பதாம் நாள்: இரத்தினபுரி வழியாக

ஏ4 வீதியில் பலாங்கொடை, பெல்மதுளை, இரத்தினபுரி. சிவனொளிபாதமலைப் பக்கம் பிறக்கும் களுகங்கை, இரத்தினபுரியை அடைவதற்குள் கிட்டத்தட்ட முழு உயரத்தையும் இறங்கிவிடுகிறது. அதன்பின் சரிவே இல்லை. மலை வெள்ளம் வந்து குவிய, வடிய வழி மெதுவாக. 2003 மேயிலும் 2017 மேயிலும் பெருவெள்ளம். நகரத்துப் பழைய கடைகள் பெறுமதியான சரக்கை மேல்மாடியில் வைப்பது அனுபவம் கற்றுக்கொடுத்தது. இதே ஆறுகள் கொண்டுவந்து புதைத்த சரளைப்படைக்குத்தான் இல்லம் என்று பெயர்; நீலக்கல் அதற்குள். வயலோரக் குழிகளில் மரச்சட்டம் அடித்து, பம்பால் நீர் இறைத்தபடி வேலை நடக்கும். விளிம்பில் நிற்காதீர்கள், மண் ஈரமானது.

அவிசாவளை தாண்டி ஹோமாகமை. கடைக்குக் கடை இடைவெளியில்லை, வாகனம் நகரவில்லை. இதுவும் பிரதேச சபைதான், கணக்கில் கிராமம்.

பத்தாம் நாள்: கொழும்பு

கொழும்பு சதுப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் நகரம். செம்பூரான்கல் திட்டுகள் உயர்ந்தும், இடையில் தாழ்ந்த நிலம் நீர் நிறைந்தும் இருக்கும். பழைய வீதிகள் திட்டுகளின் மேல் போகின்றன. காலி வீதி, கடலோர ரயில்பாதை, அவற்றுக்குப் பின்னால் கால்வாய் என்று மூன்றும் இணையாக ஓடுவதை வெள்ளவத்தையில் ஒரே நடையில் பார்க்கலாம். ஊர்ப்பெயர் தெரியாதவர்களுக்கு 1 முதல் 15 வரை இலக்கம் உதவும். வெள்ளவத்தை கொழும்பு 6.

1875இல் அலைத்தடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைக்கும்வரை பெரிய கப்பல்களுக்குக் காலிதான் துறைமுகம். சுவர் எழும்பியதும், மலைநாட்டு ரயில் ஏற்கெனவே இங்கே வந்து சேர்ந்திருந்ததால், நாட்டின் வணிகமெல்லாம் இந்தப் பக்கம் சாய்ந்தது. காலிமுகத்திடலில் நின்றால் வடக்கே கடலில் நிரப்பிய 269 ஹெக்ரேயர் துறைமுக நகரம் தெரியும்.

குடிநீர் களனியாற்றில், அம்பத்தலையில் எடுக்கப்படுகிறது. கடலிலிருந்து அதிகத் தூரமில்லை. மணல் அள்ளி ஆற்றின் படுக்கை கடல்மட்டத்துக்குக் கீழே போனதால், மாசி, பங்குனி வறட்சியில் உப்புநீர் ஆற்றோடு மேலேறி உறிஞ்சும் இடத்தை நெருங்கும். தடுப்பு வைத்து மறிக்கிறார்கள். யாழ்ப்பாணக் கிணற்றில் கீழிருந்து வந்த உப்பு, இங்கே பக்கவாட்டில் வருகிறது.

வெள்ளத்துக்குச் சதுப்பே காவல். பெருமழையின் நீரை ஏற்றுவைத்து, கால்வாய்கள் கடலுக்கு விடும்வரை தாங்குவது அது. கொலன்னாவைப் பக்கம் சதுப்பைக் குப்பை கொட்டி நிரப்பினார்கள். மீதொட்டமுல்லையில் அந்தக் குப்பைமலை 2017 ஏப்ரல் 14 அன்று வீடுகளின் மேல் சரிந்தது. அடுத்த ஆண்டே, 2018இல், ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கொழும்புக்குக் கிடைத்தது. எஞ்சியிருக்கும் சதுப்பைப் பார்க்க பத்தரமுல்லைப் பக்கம் தியவன்னாவைச் சுற்றிய நடைபாதைகள் வசதி. காலை 6 மணிக்குப் போனால் நீர்க்காகமும் கூழைக்கடாவும் நிற்கும். வாவிக்கு நடுவே தீவில் பாராளுமன்றம். 2010 நவம்பர் மழையில் அந்த வளாகமே நீரில் நின்றது.

களனி கடலைச் சேரும் முகத்துவாரத்துக்கு மாலையில் போங்கள். பஸ் புறக்கோட்டையிலிருந்து கிடைக்கும். முந்திய நாள் மலையில் மழை பெய்திருந்தால் பழுப்பு நீர் கடலுக்குள் வெகுதூரம் விசிறி விரிந்திருக்கும், நீலத்தோடு சேரும் கோடு கரையிலிருந்தே தெரியும். இருட்டுமுன் திரும்பிவிடுங்கள், ஆற்றுவாயில் குளிக்க இறங்காதீர்கள், மேலே அமைதியாகத் தெரியும் இடத்தில் அடியில் இழுவை உண்டு.